பட்டியலில் இல்லாத டிரைவர்!

"ஆஆஆ...!"

சின்சு நகரத்துக் காற்று எந்தச் சத்தத்தையும் அடித்துக்கொண்டு போய்விடும். அந்த அலறலை மட்டும் அதனால் அசைக்க முடியவில்லை.

அலறியவள் பள்ளிச் சீருடையில் இருந்த ஒரு பெண். அவள் நின்றது, பொம்மை பிடிக்கும் மெஷின்கள் வரிசை கட்டி நிற்கும் ஒரு கடையில். நாணயத்தைப் போட்டு, குச்சியை ஆட்டி, மேலிருந்து இறங்கும் இடுக்கியால் பொம்மையைப் பிடிக்கப் பார்க்கும் விளையாட்டு.

அவள் எதிரில் இருந்தது கடையிலேயே பெரிய கண்ணாடிப் பெட்டி. உள்ளே பஞ்சுக் கரடி... பஞ்சு முயல்... பஞ்சு டைனோசர்...

டைனோசருக்கும் முயலுக்கும் நடுவில்...

ஒரு கால்!

பெருவிரல் பக்கம் ஓட்டை விழுந்த சாக்ஸ் போட்ட கால். பஞ்சுக் கால் என்று சொல்லித் தப்பிக்க வழியில்லை. கெண்டைக்காலில் முடி இருந்தது!

போலீஸ் ஸ்டேஷன் இரண்டு தெரு தள்ளித்தான். இன்ஸ்பெக்டர் ஷென் வான்-ரூ உடனே வந்துவிட்டாள். நாற்பது வயசு. சிரிக்காமல் கிண்டல் செய்கிற முகம். பின்னாலேயே கான்ஸ்டபிள் ஆ-காய், எதிர்க் கடையில் வாங்கிய இறைச்சி உருண்டை சூப்போடு வந்தான்.

"அக்கா... பொணமா?"

"தொட்டுப் பாரு."

"நீங்க தொடுங்க. நீங்கதான் சீனியர்."

"அதனாலதான் சொல்றேன். தொடு!"

கண்ணாடிக் கதவு வெளிப்பக்கம் தாழ் விழுந்து கிடந்தது. ஆ-காய் அதைத் திறந்தான். கண்ணை மூடிக்கொண்டு, ஒரு விரலை மட்டும் நீட்டி, அந்தக் காலைத் தொட்டான்.

பிணம் பேசியது.

"மெதுவாய்யா... டைனோசர் தையல் விட்டுடும். அதோட விலை தெரியுமா உனக்கு?"

ஆ-காயின் சூப், பாதி சட்டையிலும் பாதி தரையிலும் ஆனது.

உள்ளேயிருந்து தவழ்ந்து வந்தவர் லியாவ் ஜின்-தூ. கடையின் முதலாளி. கஞ்சத்தனத்துக்கு இந்தத் தெருவில் ஒரு போட்டி வைத்தால் நடுவராக உட்காரும் தகுதி அவருக்கு உண்டு. வியர்வையில் குளித்திருந்தார்.

"உள்ள என்ன சார் பண்ணிட்டிருந்தீங்க?" என்றாள் வான்-ரூ.

"திருடனைப் பிடிக்க ஒளிஞ்சிருந்தேன். கதவு தானா மூடிக்கிச்சு. உள்ள சூடு... அப்படியே கண்ணைச் சுத்திடுச்சு."

"சுத்திச்சா, சொக்கிச்சா? குறட்டைச் சத்தம் கேட்டுச்சுன்னு அந்தப் பொண்ணு சொல்லுதே?"

"அது மூச்சுத் திணறல்!"

ஆ-காய் நீட்டிய தண்ணீரைக் குடித்துவிட்டு, 'இதுக்குக் காசு இல்லையே?' என்று உறுதி செய்துகொண்டு, பக்கத்து மெஷினைத் திரும்பிப் பார்த்தார் லியாவ்.

அடுத்த நொடி...

பள்ளிப் பெண்ணின் அலறல் எல்லாம் ஒரு அலறலே இல்லை என்று ஆகிவிட்டது!

"ஐயோ! வளையல்! என் தங்க வளையல் போச்சே...!"

பக்கத்து மெஷினின் நடுவில் ஒரு கண்ணாடி மேடை. மேடையின் மேல் சிவப்பு வெல்வெட். வெல்வெட்டின் மேல் ஒன்றுமே இல்லை.

"தங்க வளையலைப் போய் பொம்மை மெஷின்லயா வெப்பாங்க?"

"தூண்டில் போட்டேன் இன்ஸ்பெக்டர்! வளையல் மின்னும், கூட்டம் கூடும், எல்லாரும் காசு போடுவாங்க. ஆனா இடுக்கி பிடிக்காது. அதோட பிடியை அவ்ளோ தளர்த்தி வெச்சிருக்கோம். ஒரே ஆள் தொடர்ந்து நிறையக் காசு போட்டாத்தான் இறுக்கும். எல்லாக் கடையிலயும் அப்படித்தான்."

"அப்புறம் எப்படிப் போச்சு?"

லியாவ் குரலைத் தாழ்த்தினார்.

"அதான் மர்மம்! கொஞ்ச நாளாவே இந்த மெஷின்ல யாரோ கை வெக்கிறாங்க. சாயங்காலம் ஆனா போதும்... இடுக்கி உடும்பு மாதிரி பிடிக்குது! மொதல் காசுலயே ஸ்பீக்கர், ரெண்டாவது காசுல கெட்டில்! பள்ளிக்கூடம் விட்டதும் பசங்க இங்கதான் வரிசையில நிக்கிறாங்க. பிடியைக் கூட்டவோ குறைக்கவோ ஒரே வழிதான். மெஷின் பின்னாடி ஒரு பூட்டின மூடி. அதுக்குள்ள கூட்டுற பட்டன் ஒண்ணு, குறைக்கிற பட்டன் ஒண்ணு. அந்த மூடிக்குச் சாவி..."

"உங்ககிட்ட?"

"என்னோடது தொலைஞ்சு போச்சு. புதுச்சாவி செய்ய அநியாயமா காசு கேட்டான். வேணாம்னுட்டேன்."

"அப்போ இன்னொரு சாவி?"

 கடையின் பின்னறையிலிருந்து மடிக்கணினியும் கையுமாக ஓடி வந்த பெண்ணைப் பார்த்தார் லியாவ்.

அவள் கழுத்தில் ஒரு சாவி தொங்கியது.

பான் யுன்-ஜிங். இருபத்தெட்டு வயசு. இந்தக் கடை மெஷின்களுக்கெல்லாம் மூளை வைத்தவள். மெஷின் அடம் பிடிக்காமல் சமர்த்தாக இருக்க, எல்லா மெஷின் தலையிலும் பச்சை நிற நொறுக்குத் தீனிப் பாக்கெட் வைத்தவளும் அவளே. அந்த ஊர் இஞ்சினியர்களில் அதை வைக்காதவர் யார்? லியாவ்தான் பச்சையை எடுத்துத் தின்றுவிட்டு, பணம் வரட்டும் என்று மஞ்சள் பாக்கெட்டை வைத்திருந்தார்.

இன்னொரு விஷயம். நாளைக் காலையில் யுன்-ஜிங்குக்கு நிச்சயதார்த்தம்.

மாப்பிள்ளை? லியாவின் ஒரே மகன் போ-ஷூன்!

"முதலாளி! உங்களுக்கு ஒண்ணும் ஆகலையே? சத்தம் கேட்டு உயிரே போயிடுச்சு எனக்கு..."

"போகும் போகும்! நல்லா நடிக்கிற!" லியாவ் விரலை நீட்டினார். "இன்ஸ்பெக்டர், இவதான்! கையில விலங்கை மாட்டுங்க!"

யுன்-ஜிங் கழுத்திலிருந்த சாவியைப் பிடித்துக்கொண்டாள்.

"நானா...?"

"பின்ன நானா? சாவி உன் கழுத்துல! என் வீட்டுக்கு மருமகளா வர்றதுக்கு முன்னாடியே வீட்டைக் காலி பண்றியா? நாளைக்கு நிச்சயம் கிடையாது. மண்டபத்துக்குக் குடுத்த முன்பணம் போனாலும் பரவாயில்ல!"

அந்தக் கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போது மட்டும் அவர் குரல் லேசாக உடைந்தது.

வான்-ரூ மேலே பார்த்தாள். சுவரில் ஒரு கேமரா.

"அதுல பாத்தா தெரிஞ்சிடுமே?"

"அது... வெறும் டப்பா." லியாவ் தலையைச் சொறிந்தார். "திருடன் பயப்படட்டும்னு மாட்டினது."

"பயந்தானா?"

"பாத்தீங்களே."

வான்-ரூ யுன்-ஜிங்கின் பக்கம் திரும்பினாள். "சொல்லும்மா. மூடியைத் திறந்து பிடியைக் கூட்டினியா?"

"சத்தியமா இல்ல மேடம்."

"வேற யாராவது பூட்டைத் திறக்காம, வெளியிலேர்ந்து கூட்டியிருக்க முடியுமா? போன்ல, ரிமோட்ல... ஏதாவது வழி?"

இந்த இடத்தில் வேறு யாராக இருந்தாலும், 'இருக்கலாம்' என்று சொல்லித் தப்பித்திருப்பார்கள். யுன்-ஜிங் உண்மையை மட்டுமே பேசத் தெரிந்த அசடு.

"முடியாது மேடம். இதுல வைஃபை இல்ல. ப்ளூடூத் இல்ல. வெளியிலேர்ந்து ஒரு தூசிகூட உள்ள பேச முடியாது. நானே பாத்து வெச்சது."

"பொண்ணே..." வான்-ரூ பெருமூச்சு விட்டாள். "உன் குழியை நீயே வெட்டுற. மண்ணையும் நீயே அள்ளிப் போடுற."

ஆ-காய் அதற்குள் எதிர்க் கடை சூப்காரம்மாவை விசாரித்துவிட்டு வந்தான். இன்னொரு கிண்ணம் சூப்பும் கையில் இருந்தது.

"அக்கா, அந்தம்மா மத்தியானம் முழுக்க இந்தப் பக்கம் பாத்துட்டேதான் இருந்தாங்களாம். வெளி ஆள் ஒருத்தரும் கடைக்குள்ள போகலையாம். கடைசியா வந்தது அந்த ஸ்கூல் பொண்ணுதான்."

"பாத்தீங்களா!" லியாவ் குதித்தார். "வெளி ஆள் இல்ல. அப்போ உள்ள இருந்தவதான்!"

யுன்-ஜிங்கின் கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது.

"மேடம், ஒரே ஒரு போன் பண்ணிக்கிறேன். போ-ஷூன் என்னை நம்புவாரு. அவர் வாயால 'நீ எடுக்கல'ன்னு ஒரு தடவை கேட்டாப் போதும் எனக்கு. எனக்கு அவரை ரொம்பப் பிடிக்கும் மேடம்... இந்த வீட்டையும் பிடிக்கும். முதலாளியைக்கூட... கொஞ்சம் பிடிக்கும்."

போன் அடித்தது... அடித்தது... அடித்துக்கொண்டே இருந்தது.

போ-ஷூன் சிப் தொழிற்சாலையில் தலை முதல் கால் வரை வெள்ளை உடுப்பு மாட்டிக்கொண்டு நிற்கிறவன். ஷிஃப்ட் முடிகிற வரைக்கும் அவன் போன் லாக்கரில்தான் இருக்கும். பாவம் பெண்!

வான்-ரூவின் கை இடுப்பிலிருந்த விலங்கை நோக்கி நகர்ந்தது. அவளுக்கே அது பிடிக்கவில்லை.

"ஆ-காய், அந்த ஸ்கூல் பொண்ணு நமக்குப் பேசின போன் பதிவு இருக்கில்ல? குறட்டைச் சத்தம் எத்தனை மணிக்குன்னு சொல்லுச்சு, கேட்டுச் சொல்லு."

"காதுல மாட்டிட்டுக் கேக்கறேங்கா." ஆ-காய் தன் ப்ளூடூத் காதுக்கருவியைத் தேடி போனைத் தடவினான். புருவம் நெரிந்தது. "அக்கா... இங்க டிவி எங்க இருக்கு?"

"டிவியா? எதுக்கு, சீரியல் பாக்கணுமா?"

"இல்லக்கா. என் போன்ல 'ஹால் டிவி'ன்னு ஒண்ணு தெரியுது. சேர்ந்துக்கவான்னு கேக்குது."

"என் கடையில டிவி கிடையாது!" என்றார் லியாவ். "கரண்டு பில்லை யாரு கட்டுறது?"

வான்-ரூ போனைப் பிடுங்கினாள். வாசலுக்கு நடந்தாள். 'ஹால் டிவி' மங்கியது. உள்ளே வந்தாள். பளிச்சென்றது. ஒவ்வொரு மெஷினாகக் கடந்தாள்.

வளையல் மெஷின் முன்னால் வந்ததும்... போனில் சிக்னல் முழுசாக நிறைந்தது!

"பொண்ணே. ப்ளூடூத் இல்லைன்னு சொன்னியே? அப்போ உள்ள உக்காந்துட்டு யாரு பேசறது?"

"இருக்கவே முடியாது மேடம்!" யுன்-ஜிங் கண்ணைத் துடைத்துக்கொண்டு மடிக்கணினியை மெஷினோடு இணைத்தாள். இப்போது அவள் அழுமூஞ்சி இல்லை. இஞ்சினியர். "இந்த மெஷினோட மூளை ஒரு சின்ன போர்டு. டிவிப் பெட்டிக்காகச் செஞ்சது. சந்தையில சல்லிசாக் கிடைச்சுதுன்னு முதலாளி மூட்டையா வாங்கிட்டு வந்தார்."

"எடை போட்டுக் குடுத்தான்!" என்றார் லியாவ் பெருமையாக.

"அதுல ப்ளூடூத் சிப் இருக்கு, எனக்குத் தெரியும். ஆனா சிப் மட்டும் இருந்தா போதாது மேடம். அதை ஓட்ட ஒரு டிரைவர் வேணும்."

"டிரைவரா?" லியாவ் மிரண்டார். "அவனுக்கு யாரு சம்பளம் குடுக்கிறா?"

"ஐயோ முதலாளி! அது ஒரு சின்ன புரோகிராம். அது இல்லாட்டி சிப் செத்த சிப். மெஷினோட அடிவயிறு மாதிரி ஒண்ணு இருக்கு, கெர்னல்னு பேரு. எந்த டிரைவர் வந்தாலும் அதுக்குள்ளதான் ஏறி உக்காரணும். யார் யார் ஏறியிருக்காங்கன்னு கேட்டா பட்டியல் வரும். இதோ... கேக்கறேன்."

தட்டினாள். திரையில் சில வரிகள் ஓடின.

"மோட்டார் டிரைவர். நாணயப் பெட்டி டிரைவர். விளக்கு டிரைவர். அவ்ளோதான்! ப்ளூடூத் இல்லவே இல்ல. பாருங்க!"

வான்-ரூ பார்த்தாள். கம்ப்யூட்டர் பற்றி அவளுக்குத் தெரிந்தது, ஸ்டேஷன் கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டால் சரியாகிவிடும் என்பது மட்டும்தான். ஆனால் ஆட்களைத் தேடுவது அவள் தொழில்.

"இந்தப் பட்டியல்ல பேர் வரணும்னா என்ன பண்ணியிருக்கணும்?"

"மெஷின் ஓட ஆரம்பிச்சப்புறம் வெளியிலேர்ந்து ஏறியிருக்கணும்."

"ஓஹோ... எங்க அபார்ட்மெண்ட் வாசல்ல ஒரு வாட்ச்மேன் இருக்கான். யார் வந்தாலும் பேர் எழுதிக்குவான். என் வீட்டுக்காரர் பேரை ஒரு நாள்கூட எழுதினதில்ல. அதுக்காக எனக்குப் புருஷனே இல்லைன்னு ஆயிடுமா?"

"அதானே அக்கா, நாங்க யாருமே பாத்ததில்லையே?" என்றான் ஆ-காய்.

"நீ சூப்பைக் குடி!"

யுன்-ஜிங் வாயைத் திறந்தாள். மூடினாள். மறுபடி திறந்தாள்.

தன் நெற்றியில் தானே ஓங்கி ஒரு அடி வைத்தாள்!

"நான் ஒரு மக்கு... மக்கு... சரியான மக்கு!"

"என்னாச்சும்மா?"

"உள்ளேயே கட்டினது மேடம்! சில டிரைவரைத் தனியா வெச்சு, வேணுங்கறப்போ ஏத்துவாங்க. சிலதை கெர்னலைச் செய்யும்போதே அதுக்குள்ள சேர்த்துக் கட்டிடுவாங்க. அது வெளியிலேர்ந்து ஏறி வரலை. அங்கேயே இருக்கு. அதனால இந்தப் பட்டியல்ல வராது! டிவிப் பெட்டிக்கு ரிமோட் வேணும், ப்ளூடூத் வேணும். செஞ்சவன் உள்ளேயே கட்டித் தந்திருக்கான். நான் இந்த ஒரு பட்டியலைப் பாத்துட்டு, இல்லைன்னு சத்தியம் பண்ணிட்டேன்!"

"அப்போ உள்ளேயே கட்டினது யார் யாருன்னு தெரிஞ்சிக்க வழியே இல்லையா?"

"இருக்கு! கட்டும்போதே பேரெல்லாம் எழுதி ஒரு ஃபைலும் கூட வரும். எந்த புரோகிராம் வேணாலும் அதைப் படிச்சுத் தெரிஞ்சிக்கலாம். அது... இந்த மெஷின்ல இல்ல."

"யார் அழிச்சது?"

யுன்-ஜிங் தலையைக் குனிந்தாள். "நான்தான். முதலாளி வாங்கிக் குடுத்த மெமரி கார்டு ரொம்பச் சின்னது. இடம் பத்தலை. இந்த ஃபைலை யாரு படிக்கப் போறான்னு தூக்கிட்டேன்."

வான்-ரூ லியாவைப் பார்த்தாள். லியாவ் மேல்கூரையைப் பார்த்தார்.

"பெரிய கார்டுக்கும் சின்னக் கார்டுக்கும் விலை வித்தியாசம் எவ்ளோ இருந்துச்சு தெரியுமா இன்ஸ்பெக்டர்..."

"ஒரு வளையல் விலையா இருக்குமா?"



பழைய மூலப் பிரதி மடிக்கணினியில் இருந்தது. யுன்-ஜிங்கின் விரல்கள் பறந்தன. அந்த ஃபைலை மெஷினுக்குள் திரும்ப வைத்தாள். 'வயிற்றுக்குள் யார் யார் இருக்கிறீர்கள்?' என்று கேட்கும் குட்டி புரோகிராம் ஒன்றை அங்கேயே எழுதினாள்.

ஓட்டினாள்.

கெர்னல் ஒளிக்கவில்லை. கேட்டதும் சொல்லிவிட்டது. இத்தனை நாள் அதைக் கேட்க ஆள் இல்லை, அவ்வளவுதான்!

"ப்ளூடூத்... இருக்கு! ரிமோட் பட்டன் டிரைவர்... அதுவும் இருக்கு!" யுன்-ஜிங் கத்தினாள். "ஆ-காய் அண்ணா! அந்த 'ஹால் டிவி'யோட சேருங்க!"

ஆ-காய் சேர்ந்தான்.

"இப்போ ஏதாவது பண்ணுங்க."

"என்ன பண்றது? பாட்டு வெக்கவா?" பாட்டு வைத்தான். சத்தம் வரவில்லை. பாட்டு கேட்கவில்லை என்றால் எல்லோரும் செய்வதையே அவனும் செய்தான். சத்தத்தைக் கூட்டும் பட்டனை அழுத்தினான். அழுத்திக்கொண்டே இருந்தான்.

மெஷினுக்குள்... கிர்ர்ர்ர்...!

இடுக்கியின் மூன்று விரல்களும் ஒன்றை ஒன்று நசுக்குவதுபோல இறுகின!

"சத்தம் கூட்டுற பட்டனும், பிடியைக் கூட்டுற பட்டனும் உள்ள ஒரே கட்டளைதான் மேடம்! மூடிக்குள்ள இருக்கிற பட்டனை யாரோ அழுத்தறாங்கன்னு மெஷின் நெனச்சுக்குது! பூட்டும் வேணாம், சாவியும் வேணாம்!"

வான்-ரூவின் கை விலங்கை விட்டு விலகியது. யுன்-ஜிங் அங்கேயே தரையில் உட்கார்ந்து, இந்தத் தடவை சந்தோஷத்தில் அழுதாள்.

"உக்காராதம்மா. பாதி வேலைதான் முடிஞ்சிருக்கு." வான்-ரூ கடைக்குள் இங்கும் அங்கும் நடந்தாள். "சார், சாயங்காலம்தான் பிடி இறுகுதுன்னு சொன்னீங்க. அப்போ தினம் சாயங்காலம் இந்தக் கடைப் பக்கம் யாரோ போன்ல பாட்டு வெக்கிறாங்க. அந்த போன் தெரியாம இந்த 'ஹால் டிவி'யோட சேர்ந்துக்குது. சத்தம் வரலைன்னு கூட்டுறாங்க. யாரு?"

லியாவ் கையை உதறினார்.

"அப்படி எவனும் இல்ல இன்ஸ்பெக்டர். இங்க பாட்டு வெக்கிற ஒரே ஆள் எங்க வீட்டம்மாதான். சாயங்காலமானா கடை வாசல்ல பத்துப் பொம்பளைங்களைச் சேத்துக்கிட்டு டான்ஸ் ஆடுவா. அந்த ஸ்பீக்கர் கொஞ்ச நாளா சரியாவே வேலை செய்யலைன்னு ஒரே புலம்பல். போன்ல எவ்ளோ கூட்டினாலும் கேக்க மாட்டேங்..."

நிறுத்தினார்.

அவர் முகம் வெளுத்துப் போனதை ஆ-காய் சூப்பைக் கீழே வைத்துவிட்டு ரசித்துப் பார்த்தான்.

"சூப்காரம்மா என்ன சொன்னாங்க?" என்றாள் வான்-ரூ மெதுவாக. "வெளி ஆள் யாரும் போகலைன்னாங்க. வீட்டு ஆளைப் பத்தி நாமும் கேக்கல. அவங்களும் சொல்லல."

அந்த நேரம் பார்த்து வாசலில் ஸ்கூட்டர் ஒன்று வந்து நின்றது.

ஹெல்மெட்டைக் கழற்றினாள் ஒரு பெண்மணி. நாளைய விசேஷத்துக்காகப் புதிதாகச் சுருட்டிய தலைமுடி, ஹெல்மெட்டில் நசுங்கி ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. கை நிறைய நிச்சயதார்த்த கேக் பெட்டிகள்.

முதலாளியம்மா, லியாவின் மனைவி ஷியு-ச்சின்.

"என்ன போலீஸ்? இந்த மனுஷன் யாரையாவது ஏமாத்திட்டாரா?" என்றவள், தரையில் இருந்த யுன்-ஜிங்கைப் பார்த்ததும் பெட்டிகளை அப்படியே ஆ-காய் கையில் திணித்தாள். "கண்ணு! ஏன் அழற? யாரு என்ன சொன்னா உன்னை?"

"அம்மா," வான்-ரூ முன்னால் வந்தாள். "மத்தியானம் இந்த மெஷின்லேர்ந்து ஒரு வளையல் போயிருக்கு..."

"போகலையே! நான்தான் எடுத்தேன்."

சட்டைக் கையை மேலே தள்ளினாள். மணிக்கட்டில் தங்க வளையல் பளபளத்தது!

"நீயா...!" லியாவுக்கு மூச்சே வரவில்லை. "என் பக்கத்துல வந்து, எனக்குத் தெரியாமயே... எப்படிடீ?"

"எப்படியா? நீர் அந்தப் பக்கம் கரடியைக் கட்டிப் பிடிச்சிட்டுக் குறட்டை விட்டீர், நான் இந்தப் பக்கம் விளையாடினேன். மொதல்ல எனக்கும் ஒண்ணும் புரியல. என் பாட்டு கேக்கலைன்னு சத்தத்தைக் கூட்டுவேன், உள்ள ஒரு பையன் 'கிடைச்சிடுச்சு'ன்னு கத்துவான். குறைப்பேன், 'நழுவிடுச்சு'ன்னு கத்துவான். தினம் இதே கதை. நானும் சும்மா கூட்டிக் குறைச்சுப் பாத்தேன். பிடிபட்டுடுச்சு. பசங்க பாவம், ஆசையா வருது. தினம் கொஞ்சம் கூட்டி விட்டேன்!"

"என் ஸ்பீக்கர்! என் கெட்டில்!" லியாவ் மார்பில் கை வைத்தார்.

"இன்னைக்கு என் காசைப் போட்டேன். சத்தத்தை முழுசாக் கூட்டினேன். ஜெயிச்சேன். மெஷின்லேர்ந்து ஜெயிச்சு எடுத்தா அது திருட்டா இன்ஸ்பெக்டர்?"

"இல்லம்மா. அது விளையாட்டு."

"கேட்டீரா!"

லியாவ் விடவில்லை. "ஆனா வளையல் என்னோடது!"

 ஷியு-ச்சின் இடுப்பில் கையை வைத்தாள். ஆ-காய் கேக் பெட்டிகளோடு இரண்டு அடி பின்வாங்கினான்.

"யாரோடது? எங்கம்மா என் நிச்சயத்துக்கு என் கையில போட்டது! நாளைக்கு மருமக கையில போடணும்னு அரிசி டப்பாவுக்குள்ள பத்திரமா வெச்சிருந்தேன். நேத்து கையை விட்டுப் பாத்தா அரிசி மட்டும்தான் இருக்கு! காலையில கடைக்கு வந்தா... எங்கம்மா வளையல் பொம்மை மெஷின்ல பல்லைக் காட்டிட்டு உக்காந்திருக்கு!"

வான்-ரூ நோட்டை மூடி, லியாவின் பக்கம் மெதுவாகத் திரும்பினாள்.

"ஆ-காய். அடுத்தவங்க பொருளை அவங்களைக் கேக்காம எடுத்தா அதுக்கு என்ன பேரு?"

"திருட்டு அக்கா!" ஆ-காய்க்கு அவ்வளவு சந்தோஷம்.

"எடுத்தவரு?"

"திருடன் அக்கா!"

"இத்தனை நேரம் நம்மளைத் திருடனைப் பிடிக்கச் சொல்லிட்டிருந்தவரு?"

"அவரேதான் அக்கா!"

 "இன்ஸ்பெக்டர்... அது கடன் மாதிரி... ரெண்டு நாள்ல திருப்பி அரிசிக்குள்ளயே..."

ஷியு-ச்சின் அவரைக் கண்டுகொள்ளவில்லை. தரையில் குனிந்து, யுன்-ஜிங்கின் கையைப் பிடித்து, வளையலைக் கழற்றி அந்தக் கையில் மாட்டினாள்.

"நாளைக்கு வரைக்கும் இதை வெச்சுக் காப்பாத்த என்னால ஆகாது கண்ணு. இன்னைக்கே போட்டுக்கோ. இவர் உன்னைத் திருடின்னு சொன்னதுக்கு நான் மன்னிப்புக் கேக்கறேன்."

"அம்மா..." என்றாள் யுன்-ஜிங். அவள் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அந்த வார்த்தையைக் கேட்ட ஷியு-ச்சினின் கண்ணும் கலங்கியது.

லியாவ் ஓரமாக நகர்ந்து வந்தார்.

"யுன்-ஜிங்... தப்புதான். என் வாய்தான் எனக்கு எதிரி. நாளைக்கு நிச்சயம் நடக்கும்ல?"

"யோசிக்கணும் முதலாளி."

"முதலாளியா? அவளை மட்டும் அம்மான்னே, என்னை அப்பான்னு கூப்பிடக் கூடாதா?"

"நாளைக்குக் கூப்பிடறேன். இன்னைக்கு நான் இன்னும் திருடிதானே?" அழுகைக்கு நடுவிலேயே யுன்-ஜிங் சிரித்துவிட்டாள். "எல்லா மெஷினுக்கும் பெரிய மெமரி கார்டு வாங்கித் தாங்க. உள்ள யார் யார் இருக்காங்கன்னு கேக்கற புரோகிராமையும் அதுல போடணும். அப்போதான் வருவேன்."

"எல்லா மெஷினுக்குமா...!" லியாவ் சுவரைப் பிடித்துக்கொண்டார். ஷியு-ச்சின் ஒரு பார்வை பார்த்தாள். "சரி! சரி! வாங்கறேன்!"

வான்-ரூ தொண்டையைக் கனைத்தாள்.

"அம்மா, வளையல் விஷயத்துல உங்க வீட்டுக்காரர் மேல புகார் குடுக்கிறீங்களா? குடுத்தா இப்பவே ஸ்டேஷனுக்கு அழைச்சிட்டுப் போறேன்."

"அங்க ஏசி இருக்கா?"

"இருக்கு."

"சாப்பாடு?"

"வேளா வேளைக்கு வந்துடும்."

"அதுக்குக் காசு?"

"ஒரு பைசா கிடையாதும்மா. எல்லாம் அரசாங்கச் செலவு."

ஷியு-ச்சின் பதில் சொல்வதற்கு முன்னால், லியாவ் தன் இரண்டு கைகளையும் சேர்த்து வான்-ரூவின் முன்னால் நீட்டிவிட்டார்.

"மாட்டுங்க இன்ஸ்பெக்டர்! நிச்சயதார்த்தச் செலவு முடியற வரைக்கும் வெச்சிருப்பீங்கல்ல?"